அட்வான்ஸ் கட்டியாச்சு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நீலகிரியில் பந்தலூரில் எங்கள் வீட்டுக்கு மேலே தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் இருக்கும் ஒரு பெண் வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அக்கா, அட்வான்ஸ் கட்டியாச்சு" என்றாள். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. கவரைப் பிரித்துப் பார்த்தேன். பக்கத்து மாநிலத்தில் ஒரு நர்சிங் கல்லூரி, 25,000 ரூபாய்க்கு ரசீது, அசல் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு. கொஞ்ச நேரம் கழித்து, "வேண்டாம்னு தோணுது" என்றாள். சொன்ன வேகத்திலேயே வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள், யாருக்காவது கேட்டுவிட்டதோ என்று.

அவள் போன பிறகு அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. 2019இல் இதே இரண்டு வார்த்தைகளை நானும் சொல்லியிருக்கிறேன். எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன், பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளைப் பற்றி இதுவரை வீட்டில்கூட முழுதாகப் பேசியதில்லை. இப்போது எழுதி வைக்கத் தோன்றுகிறது.

2019 ஏப்ரல் 19ஆம் தேதி பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. நான் நல்ல மார்க் வாங்கியிருந்தேன், பிரமாதம் என்று சொல்ல முடியாது. அந்த வாரமே எங்கள் பக்கம் 'அட்மிஷன் சார்' ஒருவர் வந்துவிட்டார். மலையில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. ரிசல்ட் வந்ததும் கீழே இருந்து கல்லூரிக்காரர்களின் ஆட்கள் வருவார்கள், கூடலூரில் லாட்ஜில் ரூம் போட்டு உட்காருவார்கள், பள்ளியில் இருந்து எப்படியோ நம்பர் வாங்கி வீடு வீடாகப் பேசுவார்கள். எங்களையும் இன்னும் சில குடும்பங்களையும் வேன் வைத்துக் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கல்லூரியைக் காட்டினார்கள். மதியம் சாப்பாடு போட்டார்கள். கம்ப்யூட்டர் லேப், ஹாஸ்டல், பஸ் வரிசை எல்லாம் பார்த்தோம். அப்பா கட்டடத்தைப் பார்க்கவில்லை, ஹாஸ்டல் ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

"கவுன்சிலிங்குக்குக் காத்திருந்தா நல்ல குரூப் போயிரும். இப்பவே அட்வான்ஸ் கட்டிட்டா சீட் உங்களுது" என்றார் அட்மிஷன் சார். அவர் சொன்னதில் பொய் எது என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. சொல்லாமல் விட்டது எது என்பதும் தெரியாது. கவுன்சிலிங் வழியாகப் போனால் அரசு நிர்ணயித்த கட்டணம் அப்போது வருடத்துக்கு 50,000 முதல் 55,000 வரைதான், மேனேஜ்மென்ட் கோட்டாவில் 85,000 முதல் 87,000 வரை. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கவுன்சிலிங்கில் சேருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு, மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. எங்கள் வீட்டில் நான்தான் முதல் ஆள். அந்தச் சான்றிதழுக்காக அப்பா தாலுகா ஆபீசுக்கு இரண்டு தடவை நடந்திருந்தார். அது எதற்கும் பயன்படாத இடத்தில் போய் நாங்கள் பணம் கட்டினோம்.

மொத்தம் 60,000. எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. மாசக் கணக்கில் வரும் பணம் மாசத்தோடு போய்விடும். 60,000 ரூபாய் மொத்தமாக வேண்டும் என்றால் போகிற இடம் ஒன்றுதான். தேயிலைக் கொழுந்து வாங்கும் ஏஜென்டிடம் அப்பா கேட்டார், அவர் அன்று மாலையே எண்ணிக் கொடுத்தார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஏஜென்ட் கொடுக்கும் அட்வான்சுக்கு வட்டி என்று தனியாகக் கிடையாது. ஆனால் அந்தக் கடன் தீரும்வரை நம் கொழுந்து அவர் வண்டியில்தான் ஏற வேண்டும். அவர் சொல்வதுதான் விலை, அவர் பிடிப்பதுதான் கழிவு. அந்த வருடம் கிலோ 12, 13 ரூபாய் என்று போய்க்கொண்டிருந்தது. 60,000 ரூபாய் என்றால் ஐயாயிரம் கிலோ கொழுந்து.

கல்லூரியில் 40,000 ரூபாய்க்கு ரசீது கொடுத்தார்கள். மீதி 20,000 'புக்கிங் சார்ஜ்' என்று அட்மிஷன் சார் கையில் வாங்கிக்கொண்டார். அதற்கு ரசீது கேட்கலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் நான்கையும் அசலாக வாங்கி ஒரு பச்சை ஃபைலில் போட்டு என் பெயரை எழுதினார்கள்.

திரும்பி வரும்போது ஊட்டி தாண்டி, பைக்காரா பக்கம் அப்பா வேனிலேயே தூங்கிவிட்டார். வண்டியில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. நடுவட்டம் இறக்கத்திலும் எழுந்திருக்கவில்லை.

வீட்டில் அடுத்த இரண்டு மாதமும் அப்படித்தான் இருந்தது. அம்மா பெரட்டுக்களத்தில், தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், எல்லாருக்கும் சொல்லி, மிட்டாய் கொடுத்திருந்தாள். "புள்ளைக்கு சீட் ஆயிருச்சு" என்ற ஒரு வரி எங்கள் வீட்டில் இருந்த பல வருடப் பதற்றத்தை இறக்கி வைத்துவிட்டது. நானும் மலையிலேயே இருந்து வேலை செய்தே ஆக வேண்டும் என்ற பயம் இல்லாத முதல் மழைக்காலம் அது. அந்தப் பணம் வீண் என்று பிறகு சிலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஏப்ரல் கடைசியில் இருந்து ஜூலைவரை என் அப்பாவும் அம்மாவும் நிம்மதியாகத் தூங்கினார்கள். அந்த 60,000 ரூபாய் செய்ய வேண்டிய வேலையை அப்போதே செய்துவிட்டது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு நெடுநாள் ஆனது.

பதினோரு நாள்

அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்பே ஐந்து வருடச் சட்டப் படிப்புக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்று மனதில் வைத்திருந்தேன். எங்கள் வரலாறு டீச்சர் ஒருவர்தான் காரணம். அவர் சொல்லாவிட்டால் பிளஸ் டூ முடித்து நேராகச் சட்டம் படிக்கலாம் என்பதே எனக்குத் தெரிந்திருக்காது. விண்ணப்பம் வந்தபோது ஆன்லைனில் போட்டோம். அப்பாவிடமும் சொன்னேன். "போட்டு வை, கிடைச்சாப் பாப்போம்" என்றார். சீட் கையில் இருக்கும்போது இன்னொரு விண்ணப்பம் யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

ஏன் சட்டம் என்று கேட்டால், எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் ஒரு கவரைத்தான் காட்ட வேண்டும். தாத்தா 1974இல் இலங்கையின் தலைமன்னாரில் இருந்து ராமானுஜம் கப்பலில் தாயகம் திரும்பியவர். அப்படித் திரும்பியவர்களுக்குக் கொடுத்த ஃபேமிலி கார்டு அதில் இருக்கிறது. தேயிலைத் தோட்ட வேலையில் இருந்துகொண்டே சிறுகச் சிறுகப் பிடித்த ஒன்றரை ஏக்கருக்கு, யாரிடம் வாங்கினார் என்று எழுதிய வெள்ளைத்தாள் இருக்கிறது. பட்டா கிடையாது. கூடலூர், பந்தலூரில் பிரிவு 17 நிலம் என்றால் என்ன என்று எங்கள் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம நிலமாக, அதாவது பரம்பரைச் சொத்தாக, இருந்த 80,000 ஏக்கரையும் எடுத்துக்கொள்ள 1969இல் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் மாட்டிய நிலங்கள் உரிமை யாருக்கு என்று இன்னும் தீராமல் கிடக்கின்றன. பட்டா இல்லை என்பதால் கரன்ட் கிடைக்காத வீடுகள் எங்கள் வீட்டில் இருந்து கூப்பிடு தூரத்திலேயே உண்டு. நாடு முழுக்கக் காடுகளைப் பற்றிப் பேசும்போது எடுத்துக்காட்டுகிற கோதவர்மன் வழக்கு, 1995இல் எங்கள் கூடலூர்க் காட்டில் மரம் வெட்டுவதை எதிர்த்துத் தொடங்கியதுதான். 1996 டிசம்பர் 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவில் 'காடு' என்ற சொல்லுக்குக் கொடுத்த பொருள் அசாம்வரை போனது. அந்த உத்தரவின் பெயரைச் சொல்லித்தான் எங்கள் ஆட்களிடம் அதிகாரிகள் பேசுவார்கள், ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்களில் யாரும் படித்ததில்லை. நான் படிக்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். பெரிய லட்சியம் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அது அப்போது தெளிவாகவும் இல்லை.

ஜூலையில் அழைப்பு வந்தது. கோயம்புத்தூர் அரசு சட்டக் கல்லூரி கிடைக்கக்கூடிய இடத்தில் என் ரேங்க் இருந்தது. அசல் சான்றிதழ்களோடு வர வேண்டும். அசல்கள் பச்சை ஃபைலில், இன்ஜினியரிங் கல்லூரியில்.

போனில் வந்த அந்தச் செய்தியை ஒருவருக்கும் காட்டவில்லை. முதல் நாள், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். இரண்டாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் சித்தி வந்திருந்தாள், எனக்காகப் பெரிய டிரங்குப் பெட்டி ஒன்று வாங்கி வந்திருந்தாள், ஹாஸ்டலுக்கு. மூடியில் பூட்டு போடும் கொக்கி இரண்டு பக்கமும் இருந்தது. அதைத் திறந்து மூடிக் காட்டினாள். நான் நன்றாயிருக்கிறது என்றேன். அதன் பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

இரவில் கொழுந்துக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்கு போட்டுப் பார்ப்பேன். 60,000ஐ 12ஆல் வகுத்தால் 5,000. அம்மா ஒரு நாளைக்குக் கத்தரியில் எவ்வளவு வெட்டுவாள், மழை நாளில் எவ்வளவு குறையும், அப்படியானால் எத்தனை நாள். எண்ணிக்கை எப்படிப் போட்டாலும் மாதக் கணக்கில் வந்தது. அம்மாவின் முதுகில் அந்தச் சாக்கு ஏறி இறங்குவது கண்ணில் தெரியும். நோட்டை மூடிவிடுவேன். நான்கு வருடத்துக்கு இன்னும் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கை மட்டும் ஒரு இரவும் போடவில்லை. கட்டிய பணம் கண்முன்னே சாக்கு சாக்காக நின்றது. கட்டப் போகிற பணத்துக்கு உருவமே இல்லை. மேனேஜ்மென்ட் கோட்டாவில் நான்கு வருடம் ஹாஸ்டலோடு படிக்க, அந்த 60,000 போல எத்தனையோ மடங்கு ஏஜென்டிடம் வாங்க வேண்டியிருந்திருக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இப்போது நினைத்துப் பார்த்தால் பணம்கூட இரண்டாவதுதான். மிட்டாய் வாங்கிய ஒவ்வொருவர் முகமும் நினைவுக்கு வந்தது. அவர்களிடம் போய் 'எனக்கு அது வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். கிடைக்கவில்லை என்று சொல்வது எங்கள் ஊரில் எளிது, எல்லாருக்கும் பழக்கம். கிடைத்ததை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. எங்கள் ஆட்களில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

கொழுந்து எடை போடும் இடத்தில்

பதினோராம் நாள் மழை கொஞ்சம் விட்டிருந்தது. சாயங்காலம் நானும் அப்பாவும் சாக்குகளை ரோட்டோரக் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். ஏஜென்டின் பிக்கப் வந்து நின்றது. தொங்கு தராசில் ஒவ்வொரு சாக்காக மாட்டினார்கள். கொழுந்து நனைந்திருந்ததால் சாக்கின் அடியில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஏஜென்டின் பையன் எடையைச் சொல்வான், பிறகு தண்ணீருக்கு என்று கழித்து இன்னொரு எண்ணைச் சொல்வான், இரண்டாவது எண்ணைத்தான் சிட்டையில் எழுதுவான். அன்றைக்கு நூற்றுக்குப் பதினைந்து கழித்தான். அப்பா தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பக்கத்துத் தோட்டக்கார மாமா எங்களுக்குப் பின்னால் நின்றவர், "எதுக்கு இவன்கிட்டயே போடுற? அந்த வண்டிக்காரன் ஒரு ரூவா சேத்துத் தர்றான், கழிவும் பத்துதான்" என்றார், மெதுவாகத்தான்.

"அட்வான்ஸ் வாங்கியிருக்கேன் மச்சான்" என்றார் அப்பா.

மாமா அதற்கு மேல் பேசவில்லை. அது எங்கள் பக்கம் முழுமையான பதில். அட்வான்ஸ் வாங்கினவன் வேறு வண்டியில் ஏற்ற மாட்டான். ஏற்றினால் அடுத்த தடவை அவனுக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள், அது ஒரு பக்கம். அப்பாவுக்கு அது வாக்கு கொடுத்த விஷயமும்கூட.

திரும்பும்போது ஒற்றையடிப் பாதையில் அவர் முன்னால், நான் பின்னால். இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும், கீழ்க் காட்டில் இரண்டு நாளாக யானை நிற்கிறது. எனக்கு அந்த ஒரு ரூபாய் மனதைக் குடைந்தது. ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு ரூபாய், என் சீட்டுக்காக. நடந்துகொண்டே சொல்லிவிட்டேன். அவர் முதுகைப் பார்த்துச் சொன்னதால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். லா காலேஜ் வந்திருக்கிறது, எனக்கு அங்கேதான் போக ஆசை, ஆனால் அட்வான்ஸ் கட்டியாச்சு, அதனால் இன்ஜினியரிங்குக்கே போகிறேன், நீங்கள் கேட்டால் தெரிய வேண்டும் என்றுதான் சொன்னேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில்.

அவர் நின்றார். சாக்குகளைச் சுருட்டித் தோளில் போட்டிருந்தார், அதை மறு தோளுக்கு மாற்றினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "எப்ப வந்துச்சு?" என்று கேட்டார். பதினோரு நாள் ஆச்சு என்றேன். "அங்க கிளாஸ் தொடங்கிருச்சா?" இல்லை, இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்:

"அட்வான்ஸ் வாங்குனவன்தான் பாப்பா கட்டுப்படணும். ஏஜென்ட்கிட்ட வாங்குனது நான், நான் கட்டுப்பட்டவன். காலேஜ்ல நாம குடுத்திருக்கோம். வாங்குனது அவுங்க. சீட்டை வெச்சிருக்கணும், அது அவுங்க கட்டு. நீ போயே ஆகணும்னு யாரு சொன்னது?"

நான் அப்படியே நின்றேன். பணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நட, இருட்டுது" என்றார்.

அந்தப் பேச்சை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நாம் கல்லூரிக்குப் பணம் 'கொடுத்தோம்' என்று சொல்வதில்லை, 'கட்டினோம்' என்கிறோம். கட்டினதும் நாமே கட்டுண்டதாக நினைத்துக்கொள்கிறோம். அப்பா வாழ்நாள் முழுக்க அட்வான்சின் மறுபக்கத்தில் நின்றவர், வாங்குகிற பக்கம். அதனால்தான் எனக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர் சொன்னது எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். வீடு, நிலம் வாங்க அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பின்வாங்கினால் கொடுத்தவர்தான் இழக்கிறார், அது ஊர் வழக்கம். ஆனால் அங்கேகூட, அட்வான்ஸ் போய்விடும் என்பதற்காகப் பிடிக்காத வீட்டை வாங்கிக் காலமெல்லாம் குடியிரு என்று யாரும் சொல்வதில்லை. பிறகு சட்டக் கல்லூரியில் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவை நடத்தினார்கள். ஒப்பந்தத்தை முறித்தால் இவ்வளவு தர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாமல் நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். வகுப்பில் எனக்கு ஒற்றையடிப் பாதைதான் ஞாபகம் வந்தது.

ஒரு கடிதம், ஒரு பச்சை ஃபைல்

மறுநாளே டீச்சரிடம் ஓடினேன். இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதியை அவர் எடுத்துக் காட்டினார். இன்ஜினியரிங் மாதிரியான படிப்பில், வகுப்பு தொடங்கும் முன் மாணவர் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேற்படாமல் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2018 அக்டோபரில் இதுபோல ஓர் அறிவிப்பு வெளியிட்டிருந்தது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளாவது முன்பு விலகினால் முழுப் பணமும், செயல்பாட்டுக் கட்டணமாக அதிகபட்சம் 5,000 ரூபாய் கழித்து. பதினைந்து நாளுக்குள் என்றால் 90 சதவீதம், கடைசித் தேதி தாண்டி 15 நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. எந்தப் படிப்பு, யார் அங்கீகாரம் என்பதைப் பொறுத்து எந்த விதி என்பது மாறும். ஆனால் எந்த விதியைப் பார்த்தாலும் நாள் போகப் போகப் பணம் குறைகிறது. என் பதினோரு நாளை நினைத்து வயிற்றைக் கலக்கியது.

கையாலேயே கடிதம் எழுதினோம். பெயர், விண்ணப்ப எண், ரசீது எண், தொகை, விலகுகிறேன் என்ற ஒரு வரி, அசலும் பணமும் திரும்ப வேண்டும் என்ற ஒரு வரி, தேதி, கையெழுத்து. காரணம் எழுத வேண்டியதில்லை என்றார் டீச்சர். நான் ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தேன், மன்னிப்பெல்லாம் கேட்டு. அதை மடித்து என்னிடமே கொடுத்தார். ஒப்புகை அட்டை வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். நகலை எடுத்துக்கொண்டு மூன்றாம் நாள் நேரில் போனோம், காலை ஐந்தரைக்குக் கிளம்பி, கூடலூர், ஊட்டி, மேட்டுப்பாளையம் என்று பஸ் மாறி மாறி.

கல்லூரி ஆபீசில் இருந்த மேடம் ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை. முதலில் அசல் எல்லாம் வேறு ஆபீசில் இருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்றார். பந்தலூரில் இருந்து வருகிறோம் என்றார் அப்பா. அவர் எங்கள் செருப்பைப் பார்த்தார், சேறு காய்ந்து போயிருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "உனக்காக வெச்சிருந்த சீட்டும்மா. வேற பிள்ளைக்குக் குடுத்திருக்கலாமே" என்றார். அந்தப் பேச்சு என்னைத் தைத்தது. இன்றும் அது தவறான பேச்சு என்று நான் நினைக்கவில்லை. மனம் மாறியதற்காக நான் வெட்கப்பட வேண்டியதில்லை. மாறிய பிறகு பதினோரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு நான் பொறுப்பு. அந்த நாட்களில் யாரோ ஒரு பெண் அதே குரூப் கேட்டு வந்து, இடம் இல்லை என்று திரும்பிப் போயிருக்கலாம். கல்லூரிக்கு நான் கடன்பட்டிருந்தது பணம் அல்ல, உடனே சொல்வது. அதைத்தான் நான் செய்யவில்லை. மன்னிச்சிருங்க மேடம் என்றேன், அதை மட்டும் மனதாரச் சொன்னேன்.

விதியை அச்செடுத்து வைத்திருந்த தாளை மேசைமேல் வைத்தேன். உள்ளே போனார், வெகு நேரம் வரவில்லை. நாலரை மணிக்குப் பச்சை ஃபைல் வந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். டி.சி.யின் மூலையில் ஸ்டேப்ளர் குத்திய இரண்டு ஓட்டை, மற்றபடி எல்லாம் சரி. அப்பா தன் சட்டைக்குள் வைத்து மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அன்று ராத்திரி மேலே வர பஸ் இல்லை, மேட்டுப்பாளையத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். தூங்கும்போதும் அதைச் சட்டைக்குள்ளேயே வைத்திருந்தார்.

அந்த 20,000 வரவில்லை. அட்மிஷன் சார் முதலில் இரண்டு தடவை போன் எடுத்தார், பிறகு எடுக்கவில்லை. தமிழ்நாட்டில் நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வசூலிப்பதைத் தடுக்க 1992இலேயே சட்டம் இருக்கிறது என்பதை நான் இரண்டாம் வருடத்தில் படித்தேன். ரசீது இல்லாத பணத்தை அந்தச் சட்டத்தாலும் தேடிப்பிடிக்க முடியாது. இன்றைக்கு யார் என்னிடம் வந்தாலும் முதலில் கேட்பது, கொடுத்த பணம் முழுக்கவும் ரசீதில் இருக்கிறதா என்பதைத்தான்.

39,000 ரூபாய் ஆகஸ்டில் வந்தது. எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்காத ஆகஸ்ட் அது. 8ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை. எங்கள் பக்கம் ரோடு போய், கரன்ட் போய், டவரும் செத்துக் கிடந்தது. டவர் உயிர் பெற்றபோது நாலைந்து நாள் மெசேஜ் மொத்தமாகக் கொட்டியது, அதற்கு நடுவில் பேங்க் மெசேஜும் இருந்தது. நான் அதற்குள் சட்டக் கல்லூரியில் இடம் உறுதியாகிக் கிளம்பக் காத்திருந்தேன், சித்தி வாங்கிக் கொடுத்த அதே டிரங்குப் பெட்டியோடு. அது ஐந்து வருடம் மருதமலை ரோட்டுப் பக்கம் என் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

ரோடு சரியானதும் அப்பா அந்த 39,000ஐயும் எடுத்துக்கொண்டு ஏஜென்டிடம் போனார். நானும் போனேன். ஏஜென்ட் வாங்கிக்கொள்ளவில்லை. "எதுக்கு அவசரம்ணே, புள்ள படிப்புக்கு வெச்சுக்கங்க. கணக்குல மெதுவாக் கழிச்சுக்கலாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வருவதை எந்த ஏஜென்டும் விரும்ப மாட்டார் என்பது அப்பாவுக்குத் தெரியும். கடன் இருக்கும்வரைதான் கொழுந்து. அப்பா நோட்டுக்கட்டைத் தராசுப் பலகைமேல் வைத்தார். "எழுதுங்க" என்றார். சிட்டையில் 39,000 வரவு என்று எழுதிக் கையெழுத்துப் போடும்வரை அங்கேயே நின்றார். பாக்கி 21,000. கிலோ 12 என்று வைத்தால் 1,750 கிலோ. வீட்டுச் செலவு போக, கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து அது அடுத்த வருடம் முடிந்தது. முடிந்த அன்று எனக்குப் போன் செய்தார், "இன்னைக்கு அந்த வண்டியில ஏத்துனேன்" என்று மட்டும் சொன்னார்.

நிலத்துக்கு இன்னும் பட்டா வரவில்லை. நான் இப்போது கூடலூரில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். அந்த 1996 உத்தரவைப் படித்துவிட்டேன், பல தடவை.

போன மாதம் வந்த பெண்ணுக்கு நான் முடிவு எதுவும் சொல்லவில்லை. நர்சிங் நல்ல படிப்பு, எங்கள் மலையில் இருந்து போய் நன்றாக இருக்கிற பெண்களை எனக்குத் தெரியும், அவர்கள் அனுப்பும் பணத்தில் எழுந்த வீடுகளையும் தெரியும். வேண்டாம் என்று தோன்றுவது பயத்தாலா, மனதாலா என்று அவளுக்குத்தான் தெரியும். கட்டிய 25,000ஐ அந்தக் கேள்விக்குள் கொண்டுவராதே, அது போனால் என்ன, வந்தால் என்ன என்று தனியாக நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மேசையில் உட்கார்ந்து அவளே கடிதம் எழுதினாள், நான் சொல்லச் சொல்ல. அவளும் ஒரு பக்கத்துக்குக் காரணம் எழுத ஆரம்பித்தாள், ஒரு வரி போதும் என்றேன். தேதி போடவில்லை. முடிவு வேறாக இருந்தால் கிழித்துப் போட்டுவிடு என்று சொல்லி அனுப்பினேன். அப்பாவிடம் இன்று இரவே பேசு என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏழு மணி இருக்கும். நான் பஸ்சுக்கு நின்றுகொண்டிருந்தேன். போன் வந்தது.

"அக்கா, தேதி இன்னைக்குப் போடவா? அப்பா வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்னைக்குப் போடலாம்னு சொல்றாரு."

இன்றைக்கே போடச் சொன்னேன். பந்தலூர் தபாலாபீஸ் திறந்ததும் முதல் ஆளாக நிற்கச் சொன்னேன்.